காளை காத்த கியர்ப் பெட்டி

எரிச்சல் வந்தால் வாயிலிருக்கும் பெப்பர்மிண்டைக் கடித்து நொறுக்குவது ஆத்மநாதனின் வழக்கம். புதுக்கோட்டையில் சிவசாமியின் ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பையிலிருந்த பொட்டலத்தில் பாதி தீர்ந்துவிட்டது.

அவர் கேட்டது ஒரே கேள்வி. ஆதப்பன் செட்டியாருடைய காரின் கியர்ப் பெட்டி எங்கே? அதற்கு ஒர்க்‌ஷாப் முதலாளி சிவசாமி இஞ்சின்களின் குணம் பற்றி, கியர்களின் ஆயுள் பற்றி, செட்டியாருக்குத் தான் சொன்ன புத்திமதி பற்றி எல்லாம் சொன்னார். பெட்டியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஆறு மாசம் தாங்காதுன்னு அப்பவே சொன்னேங்க. செட்டியார் கேக்கல. அஞ்சு வருசம் ஓடுனதே பெருசு" என்று கையைத் துடைத்தார் சிவசாமி.

"பெட்டி எங்கேய்யா?"

"ஒடஞ்ச சாமானை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? பழைய இரும்புக்குப் போட்டாச்சு. குளத்தூர் அழகுமலை வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு."

இன்னொரு பெப்பர்மிண்ட் நொறுங்கியது.

ஆத்மநாதன் சமஸ்தான காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் யூனியனில் சேர்ந்தபோது, புதிய சர்க்கார் ஒரு படி கீழே இறக்கி வேலை கொடுப்பதாகச் சொன்னது. அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டு வருஷமாகத் தனியாகத் துப்புத் துலக்கிக் காலம் தள்ளுகிறார். அவருக்கு உதவியாளரும் டிரைவரும் ஒரே ஆள்தான். ஆவூர்க்காரன் இன்னாசி. யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டியவன். நாக்கில் மட்டும் அவனுக்கு பிரேக் கிடையாது.

இருவரும் வெளியே வந்து காரில் ஏறினார்கள். கார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது கியர் போட்டால் லீவர் தானாக வெளியே துள்ளிவிடும். அதனால் இன்னாசி முழங்காலால் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவான்.

"கியர்ப் பெட்டியைத் தேடிப் போறோம். நம்ம பொட்டிக்கும் ஒரு ஜோடி அகப்பட்டா நல்லது சார். என் முட்டிக்கு ஓய்வு கிடைக்கும்" என்றான் இன்னாசி.

"ஓட்டு."

கார் குளத்தூர் சாலையில் ஏறியது. ஆத்மநாதன் கண்ணை மூடிக்கொண்டு வழக்கை முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல்தான் மிஞ்சியது.

திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் பெரிய வீட்டுக்காரர் ஆதப்பன் செட்டியார். பிள்ளை இல்லாதவர். பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்வதென்று முடிவு செய்து, பேசி உறுதி பண்ணக் கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காரில் கிளம்பினார். காரை ஓட்டியது பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் இருக்கும் டிரைவர் மலையாண்டி. கூடப் போனது செட்டியாரின் தம்பி மகன் முத்துராமன். பெரியப்பாவின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்த வாலிபன்.

அந்தக் கார் பழைய சீமைக் கார். அதன் சொந்த இஞ்சின் தேய்ந்து போனதும், யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ லாரி இஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள். பழைய இஞ்சினைவிட இரண்டு மடங்கு இழுவை. கியர்ப் பெட்டி மட்டும் பழையதே. ஊரில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்கு அப்போதே நாள் குறித்துவிட்டார்கள்.

வழியில் ஒரு கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தது. மலையாண்டி வண்டியை மேட்டிலேயே நிறுத்தினான். முதல் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கண்மாய்த் தண்ணீர் கலங்கல் என்பதால் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த கிணற்றுக்குத் தகர டின்னோடு போனான். ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான். அந்த வண்டியை மேட்டில் நிறுத்தி வைப்பது கியர்தான். செட்டியார் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். முத்துராமன் இறங்கி மருத மரத்தடியில் நின்றான். மலையாண்டி திரும்பி வருவதற்குள் கார் பின்னால் உருண்டு, கரை முட்டத் தளும்பிய தண்ணீருக்குள் போய்விட்டது. குதித்து அவரை வெளியே இழுத்துப் போட்டான். செட்டியாரிடம் உயிர் இல்லை.

நடந்ததை முத்துராமன்தான் எல்லோருக்கும் சொன்னான். "மடார்" என்று கியர்ப் பல் உடைந்த சத்தம் காதில் விழுந்ததாம். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி ஓடிவிட்டதாம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அதைச் சொல்ல, அவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சிவசாமியும் பெட்டி உடைந்துவிட்டது என்று போலீசில் சொன்னார். உடையப்போகிற பெட்டி என்று தெரிந்தும் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் போன குற்றத்துக்காக மலையாண்டி சப்-ஜெயிலில் இருந்தான்.

ஆத்மநாதனை அழைத்தவர் செட்டியாரின் மனைவி சேதுலட்சுமி ஆச்சி. வெள்ளைச் சேலையில் சாய்ந்து உட்காராமல் நிமிர்ந்து இருந்தார். அழவில்லை. "மலையாண்டி தப்புப் பண்ணியிருந்தா அதைச் சொல்லுங்க. பண்ணலைன்னா அதைச் சொல்லுங்க. ரெண்டுங்கெட்டானா என்னால இருக்க முடியல" என்றார்.

முந்தைய நாள் சப்-ஜெயிலில் பார்த்தபோது மலையாண்டி ஜாமீன் பற்றிக் கேட்கவில்லை. தன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "அந்தப் பொட்டி ஒடஞ்சிருக்காதுங்க" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அத்தனை பெரிய இஞ்சினுக்கு முன்னால் அது எப்படித் தாங்கும் என்று ஆத்மநாதன் சலித்துக்கொண்டபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கையின் விரல்களை மறு கையின் விரல்களுக்குள் மெல்லக் கோத்துக் காட்டினான்.

"இஞ்சினு எம்புட்டு வேணாத் தள்ளட்டும்ங்க. பல்லை ஒடிக்கிறது தள்ளு இல்ல, இடி. கிளட்சை வெடுக்குன்னு விட்டா இடிக்கும். நான் விட்டதே இல்லிங்க."

ஆத்மநாதன் அதை நம்பவில்லை. எந்த டிரைவர்தான் தன் காலைக் குறை சொல்வான்? ஆனால் உடைந்த பல்லைப் பார்த்தால் ஒன்று தெரியும் என்று நினைத்தார். நாளாவட்டத்தில் தேய்ந்து உதிர்ந்த பல்லா, ஒரே அடியில் முறிந்த பல்லா? தேய்ந்ததென்றால் பல நாள் சத்தம் போட்டிருக்கும். மலையாண்டிக்குத் தெரிந்தே இருந்திருக்கும். திடீரென்று முறிந்ததென்றால் அவன்மேல் குற்றமில்லை. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பெட்டியைத் தேடிக் கிளம்பியது.

குளத்தூரில் அழகுமலையின் பழைய இரும்புக் கடை சாலையோரத்திலேயே இருந்தது. அழகுமலை குட்டையான மனிதர். ஏர்க் கொழுவும் சைக்கிள் சட்டமும் குவிந்து கிடந்த நடுவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். கியர்ப் பெட்டி என்றதுமே முகம் மலர்ந்தது.

"செட்டியார் காருதானே? பல்லு 'மடார்'னு போச்சாமே" என்று அவரும் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார்.

"ஆமா. அது எங்கே இருக்கு?"

அதைச் சொல்வதற்குள் அழகுமலை தன் தொழிலில் உள்ள சங்கடங்களை எல்லாம் சொன்னார். வார்ப்பு இரும்பை உடைப்பது லேசில்லை. சம்மட்டி எகிறுகிறது. கூலி கட்டாது. அதனால் முழுசாகவே ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம். ஆவூர் சவரியம்மா. எந்த முளையில் கட்டினாலும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற ஒரு காளை அவளிடம் இருந்தது. அது இழுக்க முடியாத கனமாக ஏதாவது வேண்டும் என்று கேட்டு வந்தாளாம்.

ஆத்மநாதன் காருக்குத் திரும்பினார். கொலையோ விபத்தோ, ஒரு மனிதன் செத்த வழக்கின் ஒரே சாட்சியம், மாடு கட்டும் முளையாகிவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. வெயில் வேறு ஏறிவிட்டது. போகிற வழியில் ஒரு சக்கரத்தில் காற்று இறங்கியது. இன்னாசி பம்ப் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் வெறும் பொட்டலத் தாளைக் கசக்கிக்கொண்டு சாலையில் நடந்தார்.

"இந்த வழக்குல கைக்கு அகப்பட்டது எல்லாம் சத்தம்தான் இன்னாசி. புதுக்கோட்டையில சத்தம், குளத்தூர்ல சத்தம். பொருள் ஒண்ணையும் காணோம்."

"ஆவூர்ல பொருள் இருக்கு சார். ஆனா அதுக்கு ஒரு போலீஸ்காரர் காவல் இருக்காரு. ரெண்டு கொம்பு உள்ளவரு."

ஆவூரில் பெரிய கோவிலுக்குத் தெற்கே சவரியம்மாவின் தொழுவம். இன்னாசிக்கு அவள் தூரத்துச் சித்தி முறை. அவனைக் கண்டதும் கல்யாணப் பேச்சை எடுத்தாள். அதிலிருந்து அவளைக் காளைப் பேச்சுக்குத் திருப்பவே பெரும்பாடாகிவிட்டது. காளைக்குக் கட்டாரி என்று பெயர். மயிலை நிறம், மலை போன்ற திமில். பாஸ்காத் திருநாள் ஜல்லிக்கட்டில் வாடியிலிருந்து அவிழ்த்துவிட வளர்ப்பது. அது நின்ற இடத்தில் தரையில் பாதி புதைந்து கிடந்தது கியர்ப் பெட்டி. வடக்கயிறு பெட்டியின் கழுத்தில் சுற்றியிருந்தது.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று சவரியம்மா சொன்னாள். ஆனால் அதற்குப் பதில் காளையை எதில் கட்டுவது? அது நகர்த்த முடியாத ஒன்று வேண்டும்.

இன்னாசி தன் எஜமானரை மேலும் கீழும் பார்த்தான். "சாரைக் கட்டலாம் சித்தி. சர்க்காரே அசைச்சுப் பாத்து முடியாம விட்டுருச்சு."

அந்த நாளில் முதல்தடவையாக ஆத்மநாதனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

கடைசியில் காளையைப் பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கட்டினார்கள். அதற்கே நான்கு பேர் வேண்டியிருந்தது. இன்னாசி மண்வெட்டியால் பெட்டியைத் தோண்டிப் புரட்டினான். அது அதே பெட்டிதானா என்று சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை. லாரி இஞ்சினையும் கார் பெட்டியையும் இணைக்க வேண்டி, பட்டறையில் வெட்டி ஒட்டிய கோணல்மாணலான இரும்புத் தகடு ஒன்று அதன் முகத்தில் இன்னும் முடுக்கியபடியே இருந்தது. அப்படி ஒரு தகடு வேறு எந்தப் பெட்டிக்கும் தேவைப்பட்டிருக்காது.

மேல் மூடியின் போல்ட்டுகள் மண்ணோடு துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பேனரில் குழாயைச் செருகி, இன்னாசி ஒவ்வொன்றாகத் திருகினான். ஒரு போல்ட் தலை முறிந்தது. ஒரு தடவை ஸ்பேனர் வழுக்கி அவன் விரல் முட்டியில் தோல் போயிற்று. அப்போதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. கண்மாயில் முங்கியது, குளத்தூரில் சம்மட்டி அடி வாங்கியது, இங்கே வந்து சாணிக்குள் கிடந்தது, இத்தனையும் பட்ட பெட்டி உண்மையைச் சொல்லாமலா போகும் என்றான்.

மூடி பெயர்ந்தது. உள்ளே எண்ணெயும் கண்மாய்த் தண்ணீரும் கலந்து, ஆறிப்போன காப்பி மாதிரி ஒரு குழம்பு. இன்னாசி பெட்டியைச் சாய்த்து அதை ஒரு சட்டியில் வடித்தான். உடைந்த பல் துண்டுகள் அடியில் தங்கியிருக்கும் என்று சட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. துணியால் கியர்களைத் துடைத்தான். முதல் கியர். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பேச்சு நின்றுபோயிற்று.

"என்னடா?"

"ஒண்ணுமே ஒடையல சார்."

ஆத்மநாதன் வேட்டி மண்ணில் படுவதைப் பார்க்காமல் மண்டியிட்டுக் குனிந்தார். பற்கள் வரிசையாக இருந்தன. ஒரு மூலைகூடச் சிதறவில்லை. எண்ணெய் பட்ட இரும்பு வெயிலில் பளபளத்தது.

அவருக்கு வந்தது ஆத்திரம். தேய்ந்த பல்லா, முறிந்த பல்லா என்று பார்க்க வந்தவருக்கு இரண்டும் இல்லை என்று ஆகிவிட்டது. இவ்வளவு அலைந்து, இந்தக் காளையிடம் மல்லுக்கட்டி, கையிலிருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டதாக நினைத்தார். எழுந்து தொழுவத்துக்கும் வேலிக்கும் இடையே நடந்தார். சவரியம்மா மோர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

இன்னாசி பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தான். "யுத்தத்துல நான் மூணு பொட்டியை ஒடச்சிருக்கேன் சார்" என்றான், தனக்குத் தானே பேசுவது போல. "எல்லாம் சரியான இஞ்சின், சரியான பொட்டி. என் காலு சரியில்ல. இந்தாளு இம்புட்டு முரட்டு இஞ்சினை வச்சு அஞ்சு வருசம் ஓட்டியிருக்கான். ஒரு பல்லுக்கு வலிக்கல."

"இருக்கட்டும். பெட்டி உடையவில்லை என்றால் கார் ஏன் ஓடியது?"

"யாராவது கியரை எடுத்துவிட்டிருக்கணும்."

"மலையாண்டியே கியர் போடாமல் போயிருந்தால்?"

"போயிருக்கலாம் சார். பொட்டி அதைச் சொல்லாது."

அதுதான் ஆத்மநாதனையும் குடைந்தது. பெட்டி சொல்லாது. வேறு யார் சொல்வார்கள்? மேட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவன் கிணற்றடியில். மிச்சம் ஒருவன்தான். அவன் என்ன பார்த்தான்? பார்க்கவில்லை, கேட்டதாகத்தான் சொன்னான்.

ஆத்மநாதன் நடந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாசி, அதை வண்டியில் ஏற்று."

புதுக்கோட்டை திரும்பியதும் நேரே சிவசாமியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். திறந்த பெட்டியை அவர் முன்னால் இறக்கி வைத்ததும் சிவசாமி வெகுநேரம் அதற்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். போலீசில் உடைந்தது என்று சொன்னீர்களே, திறந்து பார்த்தீர்களா என்று ஆத்மநாதன் கேட்டார்.

சிவசாமி கையைத் துடைக்கத் தொடங்கினார். "தொறக்கலைங்க. காரைக் கரையேத்துனப்ப லீவர் நியூட்ரல்ல லொடலொடன்னு கெடந்துச்சு. முத்துராமன் செட்டியார் வேற சத்தம் கேட்டுச்சுன்னாரு. அந்த இஞ்சினுக்கு ஒடஞ்சுதான் இருக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

"நாடியைத் தொட்டுப் பாக்காமலே டாக்டர் இழவு சொல்லி அனுப்பிட்டாரு சார்" என்றான் இன்னாசி.

ஆத்மநாதன் அவரைத் திட்ட வாயெடுத்தார். திட்டவில்லை. தானும் உடைந்த பல்லைத் தேடித்தானே கிளம்பினோம் என்ற நினைப்பு வந்துவிட்டது. மலையாண்டி ஒருவன்தான் உடையாது என்றான். அவன் சொன்னதைக் கேட்டும் கேளாதவராகத்தான் அவரும் கம்பியிலிருந்து திரும்பி நடந்திருந்தார். யாரும் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. உடைந்துதான் இருக்கும் என்று ஒரு தாலுகாவே நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கைக்குள் ஒருவன் சௌகரியமாக ஒளிந்துகொண்டான்.

மறுநாள் காலை ஆச்சி வீட்டின் முன்கட்டில் எல்லோரும் கூடினார்கள். வழக்கை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டரை வரவழைப்பதற்குள் ஆத்மநாதனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முடிந்த வழக்கை எதற்குக் கிளறுகிறீர்கள் என்ற கேள்வியோடுதான் அவர் வந்தார். கியர்ப் பெட்டி ஒரு சாக்கால் மூடி நடுவில் இருந்தது. சேதுலட்சுமி ஆச்சி தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முத்துராமன் சலவை வேட்டியும் சட்டையுமாக வந்து, பெரியாத்தாவுக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றான்.

அன்று நடந்ததை ஒரு தடவை சொல்லும்படி ஆத்மநாதன் அவனிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். பலமுறை சொன்னதுதான். முத்துராமன் தடங்கல் இல்லாமல் சொன்னான். கொதித்த ரேடியேட்டர், மருத மர நிழல், திடீரென்று 'மடார்' என்று கியர்ப் பல் முறிந்த சத்தம். அந்த இடத்தில் வழக்கம்போல அவன் குரல் கம்மியது.

"நல்லாக் கேட்டுச்சா?"

"இன்னமும் காதுல கேக்குதுங்க."

ஆத்மநாதன் தலையசைத்தார். இன்னாசி சாக்கை எடுத்தான். சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஆத்மநாதன் பெட்டி இங்கே வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பற்களைத் தொட்டுப் பார்க்கும்படி அவரிடம் சொன்னார். அவர் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்திலிருந்த சலிப்பு மெல்ல மறைந்தது.

முத்துராமன் சுதாரித்துக்கொண்டான். "அப்ப மலையாண்டி நியூட்ரல்ல விட்டுட்டுப் போயிருக்கான்."

"போயிருக்கலாம்" என்றார் ஆத்மநாதன். "அப்படி விட்டிருந்தால் அவன் இறங்கினதுமே வண்டி நகர்ந்திருக்கும். அந்த ஹேண்ட் பிரேக் ஒரு மாட்டு வண்டியைக்கூடப் பிடிக்காது. நீங்கள் சொன்னபடியே, அவன் கரை தாண்டிக் கிணற்றுக்குப் போகிற வரைக்கும் வண்டி நின்றிருக்கிறது. கியர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காரில் லீவர் டிரைவருக்கு வலது பக்கம், கதவை ஒட்டி. உள்ளே ஏற வேண்டாம். வெளியில் நின்றபடியே கையை விட்டுத் தட்டினால் போதும். அதுவும் போகட்டும். நீங்கள் கேட்ட சத்தம் எதனுடைய சத்தம்?"

முத்துராமன் வாயைத் திறந்தான். ஏதோ ஒரு சத்தம் கேட்டது, கியர் என்று நினைத்துவிட்டேன் என்றான். கல் உருண்டிருக்கலாம் என்றான். பிறகு பற்களின் பக்கம் பார்க்கப் பிடிக்காதவன் போல நடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கத் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஆச்சி பேசினார். குரல் உயரவில்லை.

"முத்துராமா. ஒங்க பெரியப்பச்சி தூங்கிக்கிட்டே போயிட்டாகளா, முழிச்சாகளா?"

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. ஆத்மநாதன்கூட அதை யோசித்ததில்லை. சட்டத்துக்கு அது தேவையில்லை, வழக்குக்கும் தேவையில்லை. இந்த ஒரு மாதமாக அந்த அம்மாள் ஒவ்வொரு ராத்திரியும் அதைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

முத்துராமன் ஆச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"முழிச்சாங்க பெரியாத்தா. கண்ணாடி வழியா என்னைப் பாத்தாங்க. 'முத்துராமா, வண்டி ஓடுது, பிடிப்பா'ன்னாங்க."

பத்து வருஷம் அந்த வீட்டுக்கு உழைத்ததையும், தன்னைத்தான் கூட்டிக்கொள்வார்கள் என்று நம்பியிருந்ததையும், அன்று காலை வண்டியில் ஏறும்போதுதான் வேறு பையன் என்று தெரிந்ததையும் அவன் பிறகு சொன்னான். லீவரைத் தட்டிய பிறகு ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம் என்றும் சொன்னான். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். ஆச்சி கேட்டதாகத் தெரியவில்லை. விடை கிடைத்ததுமே அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் கழுவி, மேலே ஒரு சால்வை போர்த்தியிருந்தார். போலீஸ் முத்துராமனை அழைத்துப் போயிருந்தது. ஆச்சி ஆத்மநாதனிடம், தன்னைப் புதுக்கோட்டை சப்-ஜெயிலுக்குக் கூட்டிப் போகும்படி கேட்டார். மலையாண்டியைத் தானே போய் அழைத்து வர வேண்டும் என்றார். ஒரு மாதத்தில் அவர் வாசல்படி தாண்டியது அன்றுதான். இன்னாசி முழங்காலால் லீவரை அமுக்கிக்கொண்டு, வண்டி குலுங்காமல் ஓட்டினான்.

சப்-ஜெயிலில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். விஷயம் அவர் காதுக்கும் வந்துவிட்டது. ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து இல்லாமல் யாரையும் விட முடியாது. மாஜிஸ்திரேட் முகாமில் இருக்கிறார். என்றைக்குத் திரும்புவார் என்று நிச்சயமில்லை. திரும்பினாலும் காகிதங்கள் போய் வர வேண்டும். ஆச்சி வீட்டுக்குப் போய் இருக்கலாம், ஆர்டர் வந்ததும் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

ஆத்மநாதனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. குற்றவாளியைப் பிடித்து ஒப்படைத்தாயிற்று. குற்றமில்லாதவன் இன்னும் கம்பிக்குப் பின்னால். அவர் ஏதோ கடுமையாகச் சொல்லப் போனார். ஆச்சி கையை லேசாக அசைத்து நிறுத்தினார்.

"ஆர்டர் வரட்டும். நான் இங்கிட்டே இருக்கேன்" என்றார்.

அதிகாரி பதறிப்போய் உள்ளே நாற்காலி போடச் சொன்னார். ஆச்சி வேண்டாம் என்றுவிட்டுக் காரிலேயே போய் உட்கார்ந்தார். கேட்டுக்கு நேர் எதிரே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய வீட்டு ஆச்சி ஜெயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்ற பேச்சு கடைத்தெரு வரைக்கும் போயிற்று.

ஆத்மநாதன் அவரைப் பார்த்தார், பிறகு கேட்டைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"இன்னாசி, மாஜிஸ்திரேட் முகாம் எந்த ஊரில் என்று கேட்டு வா. காரை ஆச்சி விடமாட்டார்கள். பஸ்ஸில்தான் போக வேண்டும்."

"கேட்டுட்டேன் சார். கீரனூர். பஸ் இப்பக் கிளம்புது" என்றான் இன்னாசி.

இருவரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தார்கள்.